விநாடிக்குப் பன்னிரண்டு

ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒற்றை ஒற்றையாக எண்ணும் ஆய்வகத்தில் சேர்ந்தபோது, பாதி நாள் கறுப்புத் துணி வெட்டுவதிலும் டேப் ஒட்டுவதிலும் போகும் என்று யாரும் சொல்லவில்லை. அறை விளக்கு எரியும்போது அவற்றை உணரும் டிடெக்டரை ஆன் செய்துவிட்டால் பல லட்சம் ரூபாய் போயே போச்சு என்ற பயம். ஏசியின் பச்சைப் புள்ளி விளக்கைக்கூட மூடுவோம். அம்மா போனில், "இருட்டுல உட்கார்ந்து அப்படி என்னப்பா ஆராய்ச்சி?" என்பார். "வெளிச்சத்தைப் பத்திதாம்மா."

எவ்வளவு மூடினாலும் டிடெக்டர் சும்மா இருக்காது. சிலிக்கானின் சொந்த வெப்பத்திலேயே அவ்வப்போது 'டிக்' அடிக்கும். எது ஃபோட்டான், எது பொய் என்று ஒரு டிக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஜோடி தேவை. 405 நானோமீட்டர் ஊதா லேசரை பிபிஓ (BBO) என்ற படிகத்துக்குள் அனுப்பினால், கோடிக்கணக்கான ஃபோட்டான்களில் எப்போதாவது ஒன்று இரண்டாகப் பிரிந்து, 810 நானோமீட்டர் இரட்டையராக வெளியே வரும். ஆளுக்கொன்றாக வைத்த இரண்டு டிடெக்டர்களும் 5 நானோ விநாடிக்குள் (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அடித்தால் 'ஒரே நேரம்' என்று கணக்கு.

என் மேசையில் ஒவ்வொரு டிடெக்டரும் விநாடிக்குச் சுமார் 50,000 காட்டியது. சேர்ந்து அடித்தது 12. ஆயிரக்கணக்கில் வர வேண்டிய இடத்தில் 12! ஆனாலும் பூஜ்யம் இல்லையே என்று ஒரு சந்தோஷம். கண்ணாடித் திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். 15 வந்தால் டீ குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் 10. மூன்று வாரம் இப்படியே.

சீனியர் அக்கா ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "ஐம்பதாயிரம் இன்டு ஐம்பதாயிரம் இன்டு அஞ்சு நானோ. எவ்வளவு?" என்றார்.

12.5.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத டிக்குகள் தற்செயலாகச் சேர்ந்து விழுந்தாலே வரும் எண் அது. அப்புறம் அவர் மேசைக்கடியில் குனிந்து, டிடெக்டர்களிலிருந்து எண்ணும் கருவிக்குப் போகும் கேபிள்களை இழுத்தார். ஒன்று 1 மீட்டர், மற்றது 3 மீட்டர். கையில் கிடைத்ததைச் செருகியவன் நான்தான். கேபிளில் டிக்கின் மின்துடிப்பு நானோ விநாடிக்குச் சுமார் 20 செ.மீ. ஓடும். 2 மீட்டர் கூடுதல் என்றால் 10 நானோ விநாடி தாமதம். இரட்டையரில் இளையவர் வருவதற்குள் அந்த 5 நானோ விநாடிக் கதவு மூடிவிடும். கேபிளை மாற்றியதும் 3,000-ஐத் தாண்டியது.

இதில் எனக்கு உறுத்தியது கேபிள் அல்ல. கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே என்ற பிரெஞ்சு இயற்பியலாளர்கள் மூவரும் 1986-ல் வெளியிட்ட சோதனையைத் திரும்பச் செய்யத்தான் அந்த மேசையையே அமைத்திருந்தேன். பாதி ஒளியை ஊடுருவ விட்டு மீதியைத் திருப்பும் அரைக்கண்ணாடியில் ஒற்றை ஃபோட்டானை விட்டால், அது ஒரு பக்கம்தான் பதிவாகும் என்பதால் இரு பக்க டிடெக்டர்களும் சேர்ந்து அடிப்பது தற்செயல் கணக்கைவிடக் குறைவாக இருக்கும். அந்தச் சோதனையின் உயிரே அதில்தான். கரும்பலகையில் எழுதி ஜூனியர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். அதே பெருக்கலை என் 50,000-க்குப் போட்டுப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

அந்த 3 மீட்டர் கேபிளின் இரண்டு முனைகளிலும் இப்போது சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.