மாத்திரையை எங்கே வைப்பது?

அக்டோபர் 9, 2025, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது. எச்ஐவி நெகட்டிவ், ஹெபடைட்டிஸ் பி இல்லை, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினினும் சரி. இதெல்லாம் பார்த்த பிறகுதான் பிரெப் எழுதித் தருவார்கள். எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரை. தினம் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி டெஸ்ட். அமெரிக்காவில் 2012லேயே அனுமதி கிடைத்துவிட்டது, ஜெனரிக் நம் ஊர்க் கம்பெனிகளே தயாரிக்கின்றன. எனக்குத்தான் பெயர் தெரியவே 31 வயதாகியிருக்கிறது.

போன மாதம் வேறொரு டாக்டரிடம் போனேன். ஏரியாவில் யாராவது பார்த்துவிடுவார்களே என்று மூன்று ஸ்டாப் தள்ளி. "கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றேன். "அப்ப எதுக்கு இது?" எனக்கு ஆண்களோடுதான் உறவு என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது, "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு சார்." ஃபீஸ் 400 ரூபாய்.

அக்டோபர் 11, சனி

மாத்திரை வாங்கிவிட்டேன். கடைப் பையன் நாப்கினைச் சுற்றுவதுபோலப் பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டு, கவுன்ட்டருக்குக் கீழாகவே நீட்டினான்.

மாத்திரையில் இருப்பவை டெனோஃபோவிர், எம்ட்ரிசிடபின். எச்ஐவி வந்தவர்களுக்கான கூட்டு மருந்திலும் இவை உண்டு. பெயரைப் போனில் அடித்தாலே எச்ஐவி என்றுதான் வரும். வேறு டப்பாவில் மாற்றிக்கொள்ளட்டுமா என்று ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் அக்காவைக் கேட்டேன். "வேணாம் தம்பி, சிலிக்கா ஜெல்லோட அதுலயே இருக்கட்டும். மெட்ராஸ் ஈரம் ஆகாது."

சரி, டப்பாவை மாற்றக் கூடாது, லேபிளையாவது எடுப்போம். அம்மா கோயிலுக்குப் போனதும் நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது. பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்ததும் மீதி திரிதிரியாக உருண்டு வந்தது. முப்பது மாத்திரை, பெயரில்லாத வெள்ளை டப்பா.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்கு விழுப்புரத்திலிருந்து சித்தப்பா வருகிறார். என் அறையில்தான் படுக்கை. இருபது வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர், லேபிள் இல்லாவிட்டால் என்ன, மாத்திரையைப் பார்த்தாலே சொல்லிவிடுவார். டப்பாவை ஆபீஸ் டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். மூன்று நாள் லீவு.

அக்டோபர் 20, திங்கள்

அதிரசம் தின்றுகொண்டே சித்தப்பா கடைக்கு வரும் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். "அந்த மாத்திரை வாங்குறான். முடிஞ்சுது அவன் கதை." யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் எதற்காக வாங்குகிறான் என்று சித்தப்பாவுக்குத் தெரியுமா? நான் இன்னொரு அதிரசம் எடுத்துக்கொண்டேன்.

நாட்டிலேயே முதன்முதலில் எச்ஐவி தொற்றைக் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான், 1986இல். நோய் வந்தவர்களுக்குத் தாம்பரத்தில் 2004லிருந்து மாத்திரை இலவசம். வராமலிருக்க நான் கைக்காசு போட்டு வாங்கியது, மூன்று நாளாக டிராயரில் கிடக்கிறது.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை. பாதி நனைந்து ஆபீஸ் போய், முதல் வேலையாக மாத்திரை. அக்கா திட்டவில்லை. விட்டுவிட்டுப் போட்டால் பாதுகாப்பு குறையும் என்று மட்டும் சொல்லி, இன்றிலிருந்து கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கச் சொன்னார். அப்புறம் லெனகாபவிர் பற்றி விசாரித்தேன். இதே பாதுகாப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி, அமெரிக்காவில் இந்த ஜூனில் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஊசி என்றால் லேபிள் சுரண்டும் வேலை இல்லை. இங்கே என் கைக்கு எப்போது வருமோ.

நவம்பர் 2, ஞாயிறு

அலமாரி துடைத்துக்கொண்டிருந்த அம்மா டப்பாவோடு வந்தாள். "என்னடா இது, பேரே இல்லாம?"

"சத்து மாத்திரைம்மா."

மூடியைத் திறக்காமல் முகர்ந்து பார்த்தாள். "தேங்கா எண்ணெ வாசம் வருதே. முடி கொட்டுறதுக்கா?"

ஆமாம் என்றேன்.

ராத்திரி சாப்பிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். சொம்பில் தண்ணீரும் அந்த டப்பாவுமாகப் பக்கத்தில் வந்து நின்றாள். "முடி மாத்திரை போட்டியாடா?"