கவிழாமல் நின்ற இரண்டு கோப்பைகள்

அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகாத சமயத்தில், ஒரே வாரத்தில் மூன்று முறை எனக்கு டாரோ என்ற படச்சீட்டுக் கட்டிலிருந்து ஃபைவ் ஆஃப் கப்ஸ், அதாவது ஐந்து கோப்பை கார்டு வந்தது. கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்பார், எதிரே மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கும். முதல் இரண்டு தடவையும் ‘துக்கம்’ என்று நோட்டில் ஒரு வார்த்தை எழுதி மூடிவிட்டேன். மூன்றாம் தடவைதான் அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு கோப்பைகள் கவிழாமல் நிற்பதைக் கவனித்தேன். எத்தனையோ முறை பார்த்த படம் அது! அத்தனை நாளில் அம்மாவிடம் ஒரு தடவைகூட ‘சாப்பிட்டாயா’ என்று நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது, உடனே போன் செய்தேன்.

எனக்கு டாரோ என்றால் இதுதான். நம் ஊரில் சீட்டு என்றதும் கிளி ஜோசியம் ஞாபகம் வரும், அதனால் ‘என்ன நடக்கும்னு சொல்லுமா’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் அப்படிக் கேட்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ‘இந்த வேலை கிடைக்குமா’ என்று கேட்டால், பிடித்த பதில் வரும் வரை திரும்பத் திரும்பக் கலைத்துக்கொண்டே இருப்போம், மனசு இன்னும் குழம்பும். ‘இதில் நான் எதைப் பார்க்க மறுக்கிறேன்’ என்று கேட்டு ஒரே ஒரு கார்டு எடுத்தால் போதும். காலையில் சாமி கும்பிட்டதும் எடுப்பேன், அர்த்தம் சொல்லும் புத்தகத்தைத் தொடாமல் படத்தில் தெரிவதை மட்டும் முதலில் எழுதுவேன்: யார் எங்கே பார்க்கிறார், கையில் என்ன இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்று.

இப்படி உட்கார்ந்து பார்க்க முடிவதற்கு ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத் தொடங்கியது டாரோ. பழைய கட்டுகள் பலவற்றில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைகளை வரிசையாக வரைந்திருப்பார்கள், அவ்வளவுதான். 1909-இல் லண்டனில் வெளியான கட்டுக்கு ஆர்தர் எட்வர்ட் வெய்ட் கருத்துகளைத் தந்தார், 78 கார்டுகளுக்கும் படம் வரைந்தவர் பமேலா. வெறும் எண் கார்டிலும் ஒரு மனிதரை, ஒரு கணத்தை வைத்தார். ஆனால் அந்தக் கட்டு வெகுகாலம் பதிப்பாளர் ரைடர் பெயரிலும் வெய்ட் பெயரிலும்தான் வழங்கிவந்தது, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் எப்போதும் ஸ்மித் பெயரையும் சேர்த்தே சொல்வேன்.

ஆரக்கிள் கார்டு வேறு வகை. இத்தனை கார்டு, இன்ன வரிசை என்ற கட்டுப்பாடு கிடையாது, பெரும்பாலும் ஒரு படமும் ஒரு வாசகமும் இருக்கும். ரொம்பச் சோர்ந்த நாளில் அது இதமாக இருக்கும். ஆனால் வாசகமே பதிலைச் சொல்லிவிடுவதால் நான் தேடுவதற்கு அங்கே அதிகம் இருப்பதில்லை.

போன மாதம் அம்மா வந்திருந்தபோது கட்டை அவரிடம் நீட்டினேன். சிக்ஸ் ஆஃப் கப்ஸ் வந்தது. ஒரு பையன் சின்னப் பெண்ணிடம் பூ வைத்த கோப்பையைக் கொடுக்கும் படம். நான் அர்த்தம் எதுவும் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், அப்புறம் அவருடைய பாட்டி வீட்டுக் கொல்லையில் இருந்த நந்தியாவட்டை பற்றி, எட்டாத கிளையை அண்ணன் வளைத்துப் பிடிக்க இவர் பறித்தது பற்றி, இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசிக்கொண்டிருந்தார்.