விமானம் இறங்கும் இடம்

சிங்கப்பூரின் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் மாமாவின் சமாதியைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். தலைக்குமேல் ஒரு போர் விமானம். அத்தை காதைப் பொத்திக்கொண்டார்.

பாய லேபார் போர் விமானத் தளம் 2030 முதல் இடம் மாறுகிறது. அதற்காகப் பக்கத்திலுள்ள தெங்கா விமானத் தளத்தை விரிவாக்க, இங்கே சுமார் 80,500 கல்லறைகளைத் தோண்டியெடுப்பதாக 2017இல் அறிவித்தார்கள்.

"புது விமானம் நின்ற இடத்திலேயே இறங்குமாமே, அப்புறம் எதற்கு இவ்வளவு நிலம்?" என்றார் அத்தை.

நல்ல கேள்விதான். ஆனால் அத்தை சொன்ன அந்தப் புதுப் போர் விமானம், எஃப்-35பி, செங்குத்தாக இறங்கும்போது கீழே பீய்ச்சும் அனலைச் சாதாரண கான்கிரீட் தாங்காது. அதற்கென்றே தரை போட வேண்டும். கொட்டகை, எரிபொருள், வெடிபொருள் கிடங்கு எல்லாம் வேறு. கிடங்கைச் சுற்றி ஆள் குடியிருக்கக் கூடாத இடைவெளி. இந்தக் குட்டித் தீவில் அந்த இடைவெளிதான் கொள்ளைச் செலவு!

மண்டாயில் கருங்கல்லுக்குள் குடைந்து வெடிமருந்துக் கிடங்கு கட்டியது அதனால்தான். 2008இல் திறந்தார்கள். மிச்சமான நிலம் சுமார் 300 ஹெக்டர்.