மாமாவின் சீன உருண்டைகள்

ஐப்பசி அடைமழையில் என் நாட்டு மருந்துக் கடைக்கு ஆள் வருவதே அபூர்வம். அன்றைக்கு மாமா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்து, மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே மிளகு அளவில் கரும்பழுப்பு உருண்டைகள்.

"பய சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்தான். சாப்பிடலாமான்னு பார்த்துச் சொல்லு மாப்பிள்ளை."

மாமாவுக்கு இரண்டு மாசமாக ஒரே தொந்தரவு. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வயிறு கடமுடவென்று எழுப்பிவிடுகிறது. தண்ணீராகப் போகிறது. அப்புறம் பகல் முழுக்க ஒன்றுமில்லை. தாளடி நடவு நேரம், இருட்டோடு வயலுக்குக் கிளம்புகிற மனுஷர், பாவம். மகன் இதை அங்கே ஒரு சீன மருந்துக் கடையில் சொல்லியிருக்கிறான். நேரத்தைக் கேட்டதுமே இந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்களாம்.

சீன எழுத்துக்குக் கீழே லத்தீன் பெயர்கள் இருந்தன. முதல் பெயரைப் படித்ததும் சிரித்துவிட்டேன். சொராலியா கோரிலிஃபோலியா. என் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது வரிசை இழுப்பறையில் கிடக்கிற கார்போகரிசிதான் அது! அடுத்தது ஜாதிக்காய். மற்ற இரண்டும் என்னிடம் இல்லாத சரக்கு: ஷிசாண்ட்ரா என்கிற புளிப்புப் பழம், எவோடியா என்கிற காரமும் கசப்புமான குட்டிக்காய். கார்போகரிசி நான்கு பங்கு, ஜாதிக்காயும் ஷிசாண்ட்ராவும் இரண்டிரண்டு, எவோடியா ஒன்று. இஞ்சியோடு வேகவைத்த சீன இலந்தையின் சதையில் பிசைந்து உருட்டுவது பழைய முறை. பெயர் ஸு ஷென் வான், நான்கு தெய்வங்களின் உருண்டை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சூ ஷூவெய் என்ற வைத்தியர் எழுதிவைத்த 'இரண்டு தெய்வ உருண்டை'யில் முதல் இரண்டு சரக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் பின்னால் வந்து சேர்ந்தவை.

சிறுநீரகத்துக்கும் மண்ணீரலுக்குமான மருந்து என்கிறார்கள். மண்ணீரல் என்றதும் நம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் வருகிற உறுப்பை நினைத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் கணக்கில் சோற்றைச் செரித்து உடம்பில் சேர்க்கிற வேலைக்கே அந்தப் பெயர். சிறுநீரகம் அதற்கு அடியில் எரிகிற நெருப்பு. சூ ஷூவெய் சொன்ன உவமை எனக்கு ரொம்பப் பிடித்தது: பானையில் அரிசி போட்டிருக்கிறது, கீழே நெருப்பில்லை, பகல் பூரா வைத்தாலும் சோறு வேகாது. இரவின் கடைசிச் சாமம் குளிர் கூடிய நேரம், அந்த நெருப்பு தாழ்ந்துவிடும், அதனால்தான் வயிறு அப்போது பார்த்துக் கழிகிறது என்பது அவர்கள் விளக்கம். மாமாவிடம் சொன்னேன். "நம்ம ஊர்க்காரன் மாதிரியில்ல பேசுறான்" என்றார்.

காலையில் விழுங்கினால் ராத்திரிக்குள் வீரியம் தீர்ந்துவிடும், படுக்கும்போது லேசான உப்புத்தண்ணீரில் சாப்பிடு என்று பிற்பாடு வாங் ஆங் என்பவர் எழுதியிருக்கிறார். வைத்தியத்தை விடுங்கள், இந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

கார்போகரிசி அங்கே போன கதை இன்னும் சுவாரசியம். கி.பி. 812-இல் தெற்குச் சீனாவில் கான்டன் பக்கம் அதிகாரியாக இருந்த ஜெங் யின் என்ற 75 வயதுக் கிழவர், ஈரக்காற்றில் உடம்பு விட்டுப்போய்க் கிடந்தாராம். தென்கடலிலிருந்து வந்த ஒரு கப்பல்காரர் இந்த விதையைக் கொடுத்து, அக்ரூட் பருப்பு சேர்த்துச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். சீனத்தில் அதற்கு 'போ கு ஜி' என்றொரு பெயர். எழுத்துக்கு எழுத்து அர்த்தம் பார்த்தால் 'கிழிந்த பழைய காகிதம்'! வடமொழி வாகுசிதான் வாயில் தேய்ந்து அப்படி ஆனது என்கிறார்கள். நம் பக்கம் அதைத் தோல் நோய்க்கும் குளியல் பொடிக்கும்தான் கேட்டு வருவார்கள். சிறுநீரகத்துக்கு என்று என் கடையில் ஒருவரும் கேட்டதில்லை. ஜாதிக்காய் அப்படியில்லை. அங்கே மாவில் பொதிந்து சுட்டு எண்ணெயைப் போக்குகிறார்கள். இங்கே என் ஆத்தா உரைகல்லில் இழைத்துப் பிள்ளைக்கு நாக்கில் தடவுவாள். இரண்டு இடத்திலும் வயிற்றுப்போக்குக்குத்தான்.

சரி, மாமாவுக்குக் கொடுத்தேனா? இல்லை. கார்போகரிசி உள்ளே போய் வெயில் பட்டால் சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும், ஈரலையும் பாதித்ததாகச் செய்திகள் உண்டு. மாமாவோ வெயிலிலேயே நிற்கிறவர். அதைவிடப் பெரிய பயம் பெல்ஜியத்துச் சங்கதி. 1990களின் தொடக்கத்தில் அங்கே இளைப்பதற்குச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களில் நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. பெயர் ஒற்றுமையில் ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. கலந்தது யார்? நம் ஆடுதீண்டாப்பாளையின் இனத்துச் செடி. அதைப் படித்த நாளிலிருந்து ஆடுதீண்டாப்பாளையை உள்ளுக்குக் கேட்டால் இல்லை என்றுவிடுகிறேன். மாமாவின் பாட்டிலில் அது இல்லைதான். ஆனாலும் லேபிளை மட்டும் நம்பி எழுபதை நெருங்குகிறவருக்கு எப்படிக் கொடுப்பது?

"சர்க்கரை மாத்திரை ஏதும் மாத்துனாங்களா மாமா?"

கொஞ்சம் யோசித்தார். ஆடிக் கடைசியில் மெட்ஃபார்மினைக் கூட்டினார்களாம், ராத்திரிக்கும் ஒன்று. கையோடு டாக்டரிடம் அனுப்பினேன். அவர் மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் மாமா விடியும்வரை தூங்க ஆரம்பித்துவிட்டார்.

மகனிடம் மட்டும் சீன மருந்தில்தான் சரியாயிற்று என்று போனில் சொல்லிவைத்திருக்கிறார். காசு போட்டு வாங்கி வந்த பிள்ளையல்லவா. பாட்டில் திறக்காமல் என் மேஜையில் இருக்கிறது. நேற்று மாமி வந்து நூறு கிராம் கார்போகரிசி வாங்கிப் போனார், பேத்திக்கு நலங்கு மாவு அரைக்க.