விற்க முடியாத மீன்

டௌபோ ஏரிக்கரை உணவகத்தில் 'டிரவுட் இருக்கா?' என்று கேட்டேன். பரிமாறிய பெண் சிரித்துவிட்டாள். நியூசிலாந்தில் டிரவுட்டை விற்கக் கூடாது. நாமே பிடித்துக் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். சரி, உரிமம் எடுத்தேன். நாட்டின் மற்ற பகுதிகளுக்கான உரிமம் டௌபோவில் செல்லாது, இங்கே தனி உரிமம்.

மறுநாள் தொங்காரிரோ ஆற்றில் இடுப்பளவு குளிர்நீரில் இரண்டு மணி நேரம். கிடைத்தது ஒரே ஒரு ரெயின்போ வகை டிரவுட். பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு, கையில் சோப்புக்கட்டி போல வழுக்கியது.

இதன் பூர்வீகம் கலிபோர்னியா. 1883-ல் முட்டைகளாக இந்நாட்டுக்கு வந்த இனம். ஏரியில் விட்டதும் கொழுத்துப் பெருகி, உள்ளூர் கோஆரோ மீன்களைப் பெருமளவு தின்று தீர்த்தது. 1910-களில் இரை போதாமல் மெலியவே, அரசே வலைபோட்டுக் கூட்டத்தைக் குறைத்தது. அப்புறம் 1930-களில் தீனிக்காக ஸ்மெல்ட் என்ற பொடிமீனை ஏரியில் விட்டார்கள். விருந்தாளிக்குச் சமைக்க இன்னொரு விருந்தாளி! கோஆரோவை யாரும் கேட்கவில்லை.

என் மீனை எலுமிச்சை பிழிந்து பொரித்துத் தந்தார்கள். முள் கொஞ்சம் அதிகம்.