குன்னூர், ஜூன் 2008

ஜூன் 21, சனி

ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷா பற்றி வெலிங்டன் ராணுவ மருத்துவமனையிலிருந்து புதிதாக ஒன்றும் இல்லை. காலையிலிருந்து மழை.

ஜூன் 22, ஞாயிறு

நிமோனியா என்கிறார்கள். வயது 94.

1942 பிப்ரவரி 22 அன்று பர்மாவில் சிட்டாங் பாலத்துக்கருகே ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கி ரவைகள் பாய்ந்த உடம்பு. நுரையீரலும் தப்பவில்லை. சிப்பாய் ஷேர் சிங் தூக்கிக்கொண்டு வந்து மருத்துவரிடம் சேர்த்தார். பிழைக்க மாட்டார் என்றே நினைத்தார்கள். இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் தருவதில்லை என்ற விதி அன்று இருந்தது. அதனால் மேலதிகாரி கோவன் தன்னுடைய பதக்க ரிப்பனையே கழற்றி அவர் மேல் குத்தினார். மறுநாள் விடியுமுன் பாலத்தைப் பிரிட்டிஷ் தரப்பே தகர்த்துவிட்டது, தங்கள் இரண்டு பிரிகேடுகள் எதிர்க்கரையில் இருக்கும்போதே.

அந்த நுரையீரல்தான் இப்போதும் மூச்சு வாங்குகிறது. 66 வருடம்.

ஜூன் 23, திங்கள்

அவர் தரைப்படைத் தளபதியாக நடத்திய 1971 வங்கதேசப் போரை ஏப்ரலில் தொடங்கியிருக்க வேண்டுமா, டிசம்பர்தான் சரியா என்பதை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த ஏப்ரல் அமைச்சரவைக் கூட்டத்தில் யார் யாருக்கு என்ன சொன்னார் என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. எனக்கு அது பெரிதல்ல. ஏப்ரலில் இறங்கியிருந்தால் படை எங்கே சிக்கியிருக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் தண்ணீர். படை சேர்ந்து முடிவதற்குள் ஜூன் வந்துவிடும். கிழக்கு வங்கத்தில் ஆறுகள் கரை தெரியாமல் விரியும், வயல்கள் சேறாகும். டாங்கும் பீரங்கி லாரியும் சாலையை விட்டு இறங்க முடியாது. சாலை என்பது மேடான ஒற்றைக் கரை, ஒரு பாலம் போனால் முழு வரிசையும் நிற்கும். மேகம் தாழ்ந்தால் விமானப்படை கைகொடுக்காது.

அடுத்தது வடக்கு. கோடையில் இமயக் கணவாய்கள் திறந்திருக்கும். சீனா நகர்ந்தால் தடுக்க மலைப்போர்ப் படைப்பிரிவுகள் அங்கேயே இருந்தாக வேண்டும். பனி விழுந்த பிறகுதான் அவற்றில் சிலவற்றைக் கீழே இறக்க முடியும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: ரயில் வாகன்கள். அது கோதுமை அறுவடைக் காலம். வாகன்களை ராணுவம் எடுத்தால் தானியம் நின்றுபோகும். கிழக்கு வங்கத்தை ஒட்டிய திரிபுராவுக்குப் போகும் சரக்கை அன்று அகல ரயில் பாதையிலிருந்து குறுகலான மீட்டர் கேஜுக்கு மாற்றி ஏற்ற வேண்டும். அந்தப் பாதையும் அப்போது தர்மநகரோடு முடிந்துவிடும். அங்கிருந்து அகர்தலாவுக்கு மலைச்சாலை, லாரி, மழையில் மண்சரிவு. குண்டு, டீசல், அரிசி, மருந்து, பாண்டூன் என்ற மிதவைப் பாலத் துண்டு எல்லாம் இந்த ஒரே குழாய் வழியாகத்தான் போக வேண்டும். ஜெனரல் சகத் சிங்கின் 4-ஆவது கோர் என்ற பெரும்படை டிசம்பரில் பாய்ந்தது என்றால், அதற்கு முந்தைய மாதங்களில் நிரப்பி வைத்த கிடங்குகளின் மேல் நின்றுதான் பாய்ந்தது.

அப்படியும் மேக்னா ஆறு சுலபமாக விடவில்லை. அதன் மேலிருந்த பைரப் பாலத்தைப் பாகிஸ்தானியர் தகர்த்துவிட்டார்கள். பி.டி.-76 டாங்கு நீந்தும்தான். ஆனால் அத்தனை அகலத்தை நீந்தினால் இன்ஜின் சூடேறிவிடும், நாட்டுப் படகு கட்டி இழுத்தார்கள். காலாட்படையை எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களில் டிசம்பர் 9 முதல் அக்கரையில் இறக்கினார்கள். இறங்க இறுகிய தரை வேண்டும். டிசம்பரில் அது இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

ஷேர் சிங் அன்று தூக்காமல் போயிருந்தால்?

ஜூன் 25, புதன்

சம்பள விஷயம் நினைத்தாலே கொதிக்கிறது.

ஃபீல்டு மார்ஷல் தரைப்படையின் மிக உயர்ந்த பட்டம், அதற்கு ஓய்வு கிடையாது. தளபதிப் பொறுப்பைத்தான் 1973 ஜனவரி 15-இல் விட்டார். ஜனவரி 1-இல் வந்த பட்டம் சாகும்வரை உண்டு, முழுச் சம்பளமும் சாகும்வரை உண்டு. அந்தச் சம்பளம் வந்து சேர்ந்தது 2007-இல். ஒரு கோடிக்கு மேல் அரியர்ஸ். அதுவும் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது நேரில் வந்து பார்த்த பிறகு.

இத்தகைய அரியர்ஸ் எப்படிக் குவிகிறது என்பது கணக்குப் பிரிவில் இருந்தவர்களுக்குத் தெரியும். மாதம் ஒரு வரியாக 'டியூ – டிரான்' அட்டவணை: வர வேண்டியது, வாங்கியது, மீதி. அகவிலைப்படி மாறிய ஒவ்வொரு தேதியும் தனி வரி. 1973, 1986, 1996 என மூன்று சம்பளக் கமிஷன்களிலும் அடிப்படைச் சம்பளத்தைப் புதிதாக நிர்ணயிக்க வேண்டும். முதல் நிர்ணயம் தவறினால் பின்னால் வரும் எல்லாமே தவறு. அவருக்கு முன்னால் அந்தப் பட்டத்தில் யாருமே இல்லை. எடுத்துப் பார்க்க ஒரு பழைய கோப்பு இல்லை. முதல் இந்தியத் தளபதி கரியப்பாவுக்கே பட்டம் 1986-இல்தான். காரணம் புரிகிறது. ஏற்க முடியவில்லை. 1973-இன் ரூபாய் வாங்கியதை 2007-இன் ரூபாய் வாங்காது.

ஜூன் 26, வியாழன்

இதே வெலிங்டனில் ஸ்டாஃப் காலேஜ் தலைவராக இருந்தபோதுதான் அவர் மேல் விசாரணை வைத்தார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. 1962-இல் சீனாவிடம் பட்ட தோல்விக்குப் பிறகு ஜெனரல் கவுல் விலகிய இடத்துக்கு, அசாமின் தேஸ்பூருக்கு, அவரைத்தான் அனுப்பினார்கள். போனதும் போட்ட உத்தரவு: எழுத்தில் ஆணை இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது. ஓடிய படையை நிறுத்த அதைவிட நீளமான உத்தரவு உதவாது.

இரவும் மழை.

ஜூன் 27, வெள்ளி

நள்ளிரவு 12.30-க்கு.

ஜூன் 28, சனி

நேற்றே அடக்கம், ஊட்டி பார்சி கல்லறையில், மனைவி சில்லூவின் பக்கத்தில். பார்சிகள் உடலைப் பறவைகளுக்கு விடும் தக்மா என்ற கோபுரம் நீலகிரியில் இல்லை. இங்கே அடக்கம்தான் வழக்கம்.

குடியரசுத் தலைவர் வரவில்லை, பிரதமர் வரவில்லை. தேசிய துக்கமும் அறிவிக்கவில்லை. யார் இறந்தால் கொடியை அரைக்கம்பத்தில் இறக்க வேண்டும் என்று பட்டியல் ஒன்று உண்டு: குடியரசுத் தலைவர், பிரதமர், மக்களவைத் தலைவர், தலைமை நீதிபதி, அமைச்சர்கள், ஆளுநர்கள் போன்றோர். ஃபீல்டு மார்ஷல் அதில் இல்லை. ஆக விதிமீறல் இல்லை. பட்டியலுக்கு வெளியேயும் அரசு துக்கம் அறிவிக்கலாம் என்பதும் விதிதான். ஒருவர் ஒரு கோப்பை நகர்த்தியிருந்தால் போதும். 34 வருடச் சம்பளம் நின்றதும் இதே இடத்தில்தான்.

ஜூன் 30, திங்கள்

பத்திரிகைகள் எல்லாம் அவர் மீசையையும் நகைச்சுவையையும் எழுதுகின்றன. தர்மநகரை ஒருவரும் எழுதவில்லை. மீட்டர் கேஜில் ஒரு ரேக், அதாவது ஒரு வாகன் தொடர், எவ்வளவு தாங்கும், மாற்றி ஏற்ற எத்தனை ஆள், மலைச்சாலையில் லாரி ஒரு நடை போய்த் திரும்ப எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.