சுருட்டும்போது சாகிற பாம்பு

"பாம்பை இழு, பாம்பை இழு" என்று பையன்கள் கத்தியதைக் கேட்டு, மேடை ஓரத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் கோலப்பொடிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடியது இன்னும் நினைவிருக்கிறது. அவருக்கு எப்படித் தெரியும்? மேடையில் இருக்கும் மைக்குகளை எல்லாம் ஒரு பெட்டியில் செருகி, அங்கிருந்து ஒரே தடித்த கேபிளில், எதிரே எல்லா ஒலியையும் கலந்து சரிசெய்யும் மிக்ஸருக்குக் கொண்டுவருவோம். ஆங்கிலத்திலேயே அதற்கு ஸ்நேக் என்றுதான் பெயர். கடைக்காரர் மல்டிகோர் என்பார். காரைக்குடிப் பக்கத்தில் ஒலியமைப்பு வேலை செய்யும் எங்களுக்கு அது பாம்பு.

என் முதல் பாம்பை 2014இல் வாங்கினேன். மேடையிலிருந்து வர 24 மைக் வழி, மிக்ஸரிலிருந்து மேடைக்குத் திரும்பிப் போக 4 ரிட்டர்ன் வழி, நீளம் 50 மீட்டர். அப்பா காலத்தில் இரண்டு மைக், ஓர் ஆம்ப்ளிஃபயர், நான்கு குழாய் ஸ்பீக்கர் இருந்தால் திருவிழா நடந்துவிடும். எனக்கு மெல்லிசைக் குழுக்கள் வந்துவிட்டன. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: டிரம்ஸுக்கு 6, தபேலாவுக்கு 2, டோலக்குக்கு 2, பேஸ் 1, கிட்டார் 1, இரண்டு கீபோர்டுக்கு 4, புல்லாங்குழல் 1, பாடகர்கள் 4, தொகுப்பாளர் 1. ஆக 22. மீதி இரண்டை வீண் என்று நினைத்தேன். அது வீண் இல்லை என்று பிறகு தெரிந்தது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் செய்து வைத்திருந்ததை அப்படியே எடுத்து வந்தேன். கடைக்காரர் "சவுண்டு கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். நானும் அதைத்தான் கேட்டேன், வேறு எதையும் கேட்கவில்லை. இரண்டாவது பங்குனியில், கல்லல் பக்கத்து ஊர் ஒன்றில், முதல் பாட்டின் நடுவில் 19ஆம் சேனல் பட் பட்டென்று வெடித்தது. புல்லாங்குழல் மைக். மைக்கை மாற்றினோம், ஒயரை மாற்றினோம், வெடிப்பு நிற்கவில்லை. பிறகு சாதாரண டைனமிக் மைக் ஒன்றை அதே சேனலில் செருகினால் ஒழுங்காகப் பாடுகிறது! லேசான இரைச்சல், அவ்வளவுதான். பையன் என்னைப் பேய் பிடித்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

காரணம் எளிது. ஒவ்வொரு சேனலிலும் இரண்டு கம்பியும், வெளி இரைச்சல் புகாமல் அவற்றைச் சுற்றி ஷீல்டு என்ற உலோக உறையும் இருக்கும். பாட்டு இரண்டு கம்பியில் வருகிறது. ஷீல்டு அறுந்தாலும், வெளியிலிருந்து மின்சாரம் கேட்காத டைனமிக் மைக் எப்படியோ சமாளித்துவிடும். புல்லாங்குழலுக்கு வைத்திருந்த கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். அந்த மின்சாரம் திரும்பி வரும் வழி ஷீல்டுதான். அது விட்டு விட்டுத் தொட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? அன்றிலிருந்து ஒரு பழக்கம்: எந்தப் பாம்பையும் டைனமிக் மைக் வைத்துச் சோதித்து நல்ல பெயர் கொடுப்பதில்லை.

அன்றிரவு புல்லாங்குழலைச் சும்மா கிடந்த 23க்கு மாற்றிக் கச்சேரியை முடித்தோம். மறுநாள் வீட்டு மொட்டை மாடியில் பெட்டியைத் திறந்தேன். கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாயில் ஒரு பிளாஸ்டிக் நட்டு மட்டும். அது எப்போதோ விரிந்துபோயிருந்தது. பெட்டியைப் பிடித்து இழுத்த ஒவ்வொரு இழுப்பும் நேராக, கம்பியைச் சாக்கெட்டோடு ஒட்டிய ஈயப்பற்றில் போய் விழுந்திருக்கிறது. வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி உறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே ஷீல்டாகச் சுற்றியிருந்த அலுமினியத் தாள் பழைய பட்டுப்புடவையின் சரிகை போல நொறுங்கிக் கிடந்தது. கூடவே ஓடும் மெல்லிய கம்பியும் அறுந்திருந்தது. நடுவில் 48 மீட்டரும் புதிதாகவே இருந்தது.

பாம்புக்கு மிக்ஸரில் செருகும் வாலும் பெட்டி இருக்கும் தலையும்தான் சாகும் இடம். அதுவும் ஒலிக்கும்போது சாவதில்லை, இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவன் அதைச் சுருட்டும்போது சாகிறது. கேபிள் வாங்குகிறவர் தன் காதை நினைத்து வாங்கக் கூடாது, அந்தப் பையனின் கையை நினைத்து வாங்க வேண்டும்.

காது என்று சொன்னதால் ஒரு கணக்கு. கேபிளின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவு, மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டருக்கு 5000. மைக்கின் உள் தடை 200 ஓம். இந்த இரண்டும் சேர்ந்து உயர்ந்த சுருதியை வெட்டத் தொடங்கும் இடம் ஏறத்தாழ 1,60,000 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20,000த்தோடு சரி. வௌவால்களுக்குக் கச்சேரி வைப்பவர்கள் மட்டும் கண்ணாடிச் சவுண்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கட்டும்.

இரண்டாவது பாம்பைச் செய்து வாங்கவில்லை, நானே கட்டினேன். கேபிளை மீட்டர் கணக்கில் வாங்கும்போது பேனாக்கத்தி கொண்டு போனேன். ஒரு கம்பியைச் சுரண்டினால் விஷயம் வெளியே வந்துவிடும். வெளியே வெள்ளி நிறம், உள்ளே செம்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, நல்லது. வெளியே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம். நாலு முறை மடக்கினால் ஒடியும், ஈயப்பற்றும் ஒழுங்காகப் பிடிக்காது. ஒரு கடையில் நான் சுரண்டத் தொடங்கியதும் கடைக்காரர் கேபிளைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதுவே பதில். கம்பி 24 கேஜ் தடிமனில், பல இழைகள் முறுக்கியதாக இருக்க வேண்டும். ஒற்றை இழைக் கம்பி சுவருக்குள் பதிப்பதற்கு, ஊர் ஊராகப் போவதற்கு அல்ல.

ஷீல்டு விஷயத்தில்தான் நெடுநேரம் தடுமாறினேன். அலுமினியத் தாள் முழுவதையும் மூடும், விலையும் எடையும் குறைவு. கல்யாண மண்டபத்தில் நிரந்தரமாகப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். தினமும் சுருட்டி விரிக்கிற பிழைப்புக்கு, மெல்லிய செம்புக் கம்பிகளைச் சுற்றிய ஷீல்டே தாங்குகிறது என்பது என் அனுபவம். அதை முறுக்கிப் பற்றவைப்பது பெரிய பாடு. 28 ஜோடி, ஒவ்வொன்றுக்கும் 3 முனை, இரண்டு பக்கம், ஆக 168 பற்று. நான்கு நாள் ஆயிற்று. மனைவி சோற்றை மாடிக்கே கொண்டுவந்து வைத்தார், பேசவில்லை.

வெளி உறைக்குப் பி.வி.சி. வேண்டாம் என்று பாலியுரித்தேன் எடுத்தேன். எங்கள் வெயிலில் மலிவான பி.வி.சி. சில வருடத்தில் விறைத்துக் கீறல் விடுகிறது. பாலியுரித்தேன் சரளைக்கல்லில் இழுத்தாலும் சட்டை உரிவதில்லை, ஆனால் நாம் உரிக்க வேண்டும் என்றாலும் பிளேடு மழுங்கிவிடும். உள்ளே ஒவ்வொரு ஜோடிக்கும் தனி உறையும் அதில் அச்சிட்ட எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறத்தை நம்பாதீர்கள். சீரியல் விளக்கு வெளிச்சத்தில் பழுப்பு எது, சிவப்பு எது என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

பெட்டியை ஊரிலேயே தகரப் பட்டறையில் அடிக்கச் சொன்னேன். வாயில் உலோக நட்டு. அதற்கு மேல் இழுக்க இழுக்க இறுகும் எஃகு வலை உறை ஒன்று கேபிளைக் கவ்வி, பெட்டியோடு பிணைந்திருக்கிறது. இப்போது யாராவது இழுத்தால் வலை தாங்கும், பற்று தாங்க வேண்டியதில்லை. முழுப் பாம்பிலும் நான் செலவழித்ததிலேயே மிகக் குறைந்த காசு அதற்குத்தான். மைக் ஒயர் செருகும் கேனன் சாக்கெட்டுகளைத் திருகாணி கழற்றி ஒவ்வொன்றாக மாற்றும் வகையில் வைத்தேன். எங்கள் பக்கம் எக்ஸ்.எல்.ஆர். என்று கேட்டால் விழிப்பார்கள், கேனன் பின் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். அந்தப் பெயர் லாஸ் ஏஞ்சலஸில் ஜேம்ஸ் கேனன் என்பவர் தொடங்கிய கம்பெனியிலிருந்து வந்தது. கேமராக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதைச் சொல்லியே நான் இரண்டு பந்தயம் ஜெயித்திருக்கிறேன்.

வால் பக்கத்து 28 பின்களும் தரையில் இழுபடாமல் இருக்க, என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டித் தைத்து உறை போட்டிருக்கிறேன். சுருட்டுவதற்கு ஒரே விதி: சைக்கிள் சக்கரத்தை விடச் சின்ன வட்டம் கூடாது. கேபிளின் தடிமனைப் போலப் பத்து மடங்காவது வளைவின் ஆரம் இருக்க வேண்டும், கணக்குப் பார்த்தால் அது கிட்டத்தட்டச் சைக்கிள் சக்கரத்தில் வந்து நிற்கும். முழங்கையில் சுற்றுகிறவனுக்கு அன்று டீ கிடையாது. முடிந்தால் தரையில் எட்டுப் போலப் போட்டுச் சுருட்டச் சொல்கிறேன், முறுக்கு ஏறாது.

"இப்போது எல்லாம் டிஜிட்டல் ஆயிற்றே அண்ணே, ஒரு நெட்வொர்க் ஒயர் போதுமே" என்று தம்பிமார் கேட்கிறார்கள். என்னிடமும் இருக்கிறது. 35 கிலோவைத் தூக்கிய தோளுக்கு அது வரம். ஆனால் பாம்பில் ஒரு சேனல் போனால் 27 மிச்சம், அந்த ஒயர் மேல் டிராக்டர் ஏறினால் மொத்தக் கச்சேரியும் ஊமை. அதனால் அதை எடுத்துப் போகும் நாளில் இரண்டு ஒயரை இரண்டு வழியாக இழுக்கிறேன். அதிலும் செம்பு பூசிய அலுமினியம் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது, பேனாக்கத்திக்கு ஓய்வில்லை.

பழைய பாம்பை எறியவில்லை. நடுவிலிருந்து 8 மீட்டர் வெட்டி, டிரம்ஸுக்குப் பக்கத்தில் வைக்கும் குட்டிப் பெட்டி ஒன்று செய்தேன். மேடையில் ஓரிடத்தில் கிடக்கும், அதிகம் வளையாது, அலுமினியத் தாளுக்கு அது போதும்.

பங்குனி நெருங்குகிறது. நேற்று மாடியில் பெரிய பாம்பை விரித்து, கண்டென்சர் மைக்கை 1இலிருந்து வரிசையாகச் செருகிப் பார்த்தேன். 7இல் நின்றுவிட்டது. வால் பக்கத்து ஜீன்ஸ் உறையில் இரண்டு சின்ன ஓட்டை, எலிப் புழுக்கை. கிடங்கில் பூனை இருந்தும் இந்த நிலை. நாளை பிரிக்க வேண்டும்.